நம்ம லைன்

செல்ஃபிதான, எடுத்துக்கங்க. ஆனா அந்த மூஞ்சிய மட்டும் காட்டச் சொல்லாதீங்க சார். அதான், அறை வாங்கிட்டு வாயைப் பாதி தொறந்து, கண்ணு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போகுமே, அது. அறுபத்தெட்டு வயசாச்சு. தாம்பரத்துல ரயில்ல ஏறி உக்காந்ததுலேருந்து இதே ரோதனை. அந்தா அங்க பச்சைச் சேலை கட்டியிருக்கே ஒரு அம்மா, தூங்கிக்கிட்டு இருந்த புள்ளைய எழுப்பி எம்முன்னால நிறுத்தி, "தாத்தா மூஞ்சி காட்டுவாரு பாரு"ங்குது. அது என்னைப் பாத்ததும் வீல்னு கத்துது. காட்டாத மூஞ்சிக்கே அந்தக் கத்து.

எடுத்தாச்சா? உக்காருங்க. உங்களுக்கு என் பேரு தெரியுமா? யோசிக்காதீங்க, தெரியாது. மூஞ்சி மட்டும் மீமா எல்லார் போன்லயும் இருக்கு. கரண்டு போனா என் மூஞ்சி. கிரிக்கெட்ல தோத்தா என் மூஞ்சி. ஆபீஸ்ல லீவு குடுக்கலைன்னா என் மூஞ்சி. பேரு மட்டும் ஒரு பயலுக்கும் தெரியாது. சிவனணைஞ்சபெருமாள். எங்க பக்கத்துப் பேரு. கோடம்பாக்கத்துல எவன் வாயிலயும் நுழையல. மொத படத்துல சாக்கடைக்குள்ளேருந்து எந்திரிச்சு வர்ற வேசம், அன்னைக்கே பெருச்சாளி பெருமாள்னு வச்சுட்டாங்க. டைட்டில்லயும் அப்படியே போட்டான். எங்கய்யா ஊர்த் தியேட்டர்ல பாத்துட்டு வெளிய வந்தாரு. துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு நேரா நடந்து போயிட்டாரு.

செட்டு போட்ட சாக்கடைன்னு நெனைப்பீங்க. நிசச் சாக்கடை சார். டைரக்டரு மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்காரு, கேமராமேன் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கான், நான் மட்டும் வாயைத் தொறந்து டயலாக் பேசணும். வாய்க்குள்ள என்னென்ன போச்சுன்னு சொன்னா நீங்க அந்தப் பொட்டலத்தைத் திங்க மாட்டீங்க. தின்னுங்க, தின்னுங்க. நான் சொல்லல.

நான் கோவில்பட்டியில எறங்கணும். என் வீட்டுக்காரி அங்க இருக்கா, தங்கச்சி வீட்ல. பிரம்மசக்தின்னு பேரு, நான் பிரமும்பேன். பொங்கலுக்குப் போனவ. இப்ப ஆடி பொறந்தாச்சு, வரல. போன் பண்ணா தங்கச்சிதான் எடுக்கா. அதான் நேர்ல போயி கையோட கூட்டிட்டு வந்துரணும்னு கெளம்பிட்டேன். அவ வரலைன்னா என் பொழப்பு முடிஞ்சுபோச்சு சார். சாப்பாட்டுக்குச் சொல்லல, தெருவுக்கு நாலு மெஸ்ஸு கெடக்கு. அவ வீட்ல இல்லாட்டி எனக்கு எழுத வர மாட்டேங்குது. ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. ராசின்னு வச்சுக்கங்களேன்.

ஆமா, எழுத்துதான். நடிகன்னு நெனைச்சீங்களாக்கும். நான் அடிப்படையில ரைட்டர் சார். அது யாருக்குத் தெரியும்? நான் பண்ணாத வேலை கெடையாது. ரேடியோவுல குட்டி நாடகம் எழுதுனேன், கெழவன் குரலு, பொம்பளைக் குரலு, நாய்க் குரலு எல்லாம் நானே பேசுனேன். நேயர்கள் கிட்டேருந்து பாராட்டி ஒரே ஒரு கார்டு வந்துச்சு, அது நாய்க்கு. அப்புறம் சபா நாடகம். முன் வரிசையில உக்காந்து போண்டா தின்னுக்கிட்டே சிரிப்பாங்க, சிரிச்ச வேகத்துல தின்னது பூரா நம்ம வேட்டியில வந்து விழும். அதுக்கப்புறம் சினிமா. தலையில முட்டை ஒடைப்பான். சாணித் தண்ணி ஊத்துவான். வெயில்ல முட்டை காஞ்சு மொகத்தைப் புடிச்சு இழுக்கும், ஈ மொய்க்கும், "கன்டினியூட்டி சார், கழுவாதீங்க"ம்பான். சாயங்காலம் வரைக்கும் நான் நாறிக்கிட்டு நிப்பேன். என் பக்கத்துல உக்காந்து ஒருத்தனும் சாப்பிட மாட்டான்.

டிவியில நடுவரா உக்கார வச்சாங்க. எதுத்தாப்ல சின்னப் புள்ளைங்க வந்து, முதலிரவு ஜோக்கு சொல்லுதுங்க சார். பால் பல்லு விழாத புள்ளைங்க. பெத்தவங்க கீழ உக்காந்து கை தட்டுறாங்க. நான் ஒரு மணியை அடிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கணும், அதுக்குத்தான் கூப்பிட்டது. வீட்டுக்கு வந்து வாயைக் கொப்புளிப்பேன். அதையும் விடுங்க. போன வருசம் ஒரு பிரியாணிக் கடை தெறப்பு விழா. ரிப்பன் வெட்டத்தான் கூப்பிடுறான்னு பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். ரிப்பனை ஓனரோட மாமனாரு வெட்டுனாரு. என்னை ஓனரு அறைஞ்சாரு. ஜனம் விசிலடிச்சுச்சு. அறைஞ்சுட்டு அந்தாளு என் காதுல சொல்றான், "சார், மூஞ்சி சரியா வரல, இன்னொண்ணு போட்டுக்கலாமா"ன்னு.

எதைச் சொல்ல வந்தேன்? ஆங், எழுத்து.

உங்களுக்கு டிராக்னா தெரியுமா? ரயில் தண்டவாளம் இல்ல சார், காமெடி டிராக். படத்தை ஒருத்தன் எழுதுவான், அதுக்கு நடுவுல வர்ற காமெடியை வேற ஒருத்தன் எழுதுவான். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கக் கூட மாட்டாங்க. அங்க ஹீரோவோட அம்மா செத்து அவன் கொள்ளி வச்சுக்கிட்டு இருப்பான், இங்க நாங்க பொள்ளாச்சியில ஒரு கோழியைத் தொரத்திக்கிட்டு இருப்போம். கடைசியில ரெண்டையும் வெட்டி ஒட்டுவாங்க. அப்படி நான் எழுதுன டிராக்குதான் குமரகுருவைத் தூக்கி விட்டுச்சு. ஆமா, அதே குமரகுருதான், உங்க போன்ல என்னை அறையறவன். இருபது வருசம் அவன் பேசுனது பூரா நான் எழுதுனது. நம்ப மாட்டீங்க. ஒருத்தனும் நம்ப மாட்டான்.

எப்படி நம்புவான்? அந்த ரூமு அப்படி. வடபழனியில ஒரு லாட்ஜு. நாங்க நாலஞ்சு பேரு, டீ, பஜ்ஜி, சிகரெட்டுப் புகை. ஆளுக்கொண்ணு சொல்லுவோம். குமரகுரு கட்டில்ல படுத்துக் கெடப்பான். நல்லதா ஒண்ணு விழுந்துட்டா, எந்திரிச்சு உக்காந்து அதை அவன் வாயால ஒரு தடவை திருப்பிச் சொல்லுவான். சொல்லிட்டு, "நம்ம லைன்"பான். அவ்வளவுதான். அதோட அது அவனுக்குச் சொந்தம். அதுக்கப்புறம் சொன்னவன் யாருன்னு ரூம்லயே எவனும் பேசக் கூடாது. வெளிய பேசினா மறுநாள் உனக்கு லாட்ஜுக் கதவு தெறக்காது. என்ன ஜென்மம் பாருங்க. அடுத்தவன் ராப்பகலா மண்டையக் கசக்கிக் கொண்டு வர்றதை, வாயால ஒரு தடவை சொல்லிட்டா அவனோடதாம். நெனைச்சாலே குமட்டுது.

ஒண்ணு சொல்றேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளி போகவே மாட்டான், குமரகுரு அவனைப் பாத்துக் கேப்பான், "ஏன்டா, உங்க ஊருக்குத் திரும்பிப் போக பஸ்ஸே கெடையாதா, இல்ல இருந்த ஒரே பஸ்லதான் நீ வந்துட்டியா"ன்னு. பாத்தீங்களா, இப்பவும் சிரிக்கிறீங்க. அது யாரு எழுதுனது? நானு. எங்க பெரியப்பா மகன் ரெண்டு நாளுன்னு வந்துட்டு மாசக் கணக்குல டேரா போட்டுட்டான். பிரமு காபியக் கொண்டுபோயி வச்சுக்கிட்டே அவனைக் கேட்டா, "இருந்த பஸ்லதான் நீங்க வந்துட்டியளா"ன்னு. அவன் அன்னைக்குச் சாயங்காலமே கெளம்பிட்டான். எனக்குச் சட்டுனு பொறி தட்டிட்டு. அதான் சார் எழுத்து. நடக்கறது எல்லார் வீட்லயும் நடக்குது. பொறி தட்டணும்ல.

இன்னொண்ணு, அந்தச் சாம்பார் காமெடி. "நேத்து உப்பு கூடன்னீங்க, இன்னைக்கு உப்பே இல்லைங்கறீங்க, ரெண்டையும் மனசுக்குள்ள கலந்து சாப்பிடுங்க." அது எப்படி வந்ததுன்னு நெனைக்கீங்க? நான் சாப்பிட உக்காந்தேன், பிரமு கரண்டியோட நிக்கா, சொல்லிட்டா. தட்டுலேருந்து எந்திரிச்சு, கையக் கழுவாம ஓடுனேன் லாட்ஜுக்கு. குமரகுரு எந்திரிச்சு உக்காந்துட்டான். "நம்ம லைன்"னுட்டான். எனக்கு வயிறெரிஞ்சுச்சு சார். ராவெல்லாம் தூக்கம் இல்ல. பிரமுகிட்ட சொல்லிப் புலம்புனேன், "என் சொத்தைக் கொள்ளையடிக்கான் பிரமு"ன்னு. அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் சொன்னா, "பரவால்ல, உங்களுக்காவது தெரிஞ்சிருக்கே, அது உங்களுதுன்னு." நல்ல ஆறுதலா இருந்துச்சு.

அப்பல்லாம் அவ நல்லாப் பேசுவா. நான் மொதமொதலா அடி வாங்கி நடிச்ச படத்தைப் பாத்துட்டு வந்தவகிட்ட, எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "அடிச்சவன் நல்லா நடிச்சிருக்கான்"னா. தெருவுல பொம்பளைங்க தண்ணி புடிக்க வந்தா, கொடத்தை வச்சுட்டு இவ பேச்சைக் கேட்டுக்கிட்டு நிப்பாங்க. தண்ணி நிரம்பி வழியும்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். அந்த மூஞ்சி. அது எப்படி வந்ததுன்னு ஒருத்தனும் என்னைக் கேட்டதில்ல.

எங்களுக்குப் புள்ளை இல்ல சார். கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சு ஒண்ணு தங்குச்சு. ஏழாம் மாசம் போயிட்டு. நான் வெளியூர் ஷூட்டிங்ல இருந்தேன், உடம்பெல்லாம் அடுப்புக்கரி பூசி ஒரு சீனு, அப்படியே வந்தேன் ஆஸ்பத்திரிக்கு, கழுவக் கூட இல்ல. வார்டுல படுத்திருந்தா. "என்னாச்சு பிரமு"ன்னேன், மடையன் மாதிரி. அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா. பாத்துட்டுச் சொல்றா, "எட்டிப் பாத்துச்சு. அப்பா என்ன வேலை பாக்காருன்னு கேட்டுச்சு. சொன்னேன். அப்படியே திரும்பிப் போயிட்டு."

நான் சிரிச்சுட்டேன் சார். அவளும் சிரிச்சா. என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. கரி பூரா அவ கையில ஒட்டிக்கிட்டு. சிரிக்கச் சிரிக்கத் தண்ணியா ஊத்துது கண்ணுலேருந்து, அப்பவும் சிரிக்கா. அந்த மாதிரி ஒரு டைமிங்கை நான் எந்த நடிகன்கிட்டயும் பாத்ததில்ல.

அது எங்கிட்ட ரெண்டு மூணு வருசம் சும்மாவே கெடந்துச்சு. நல்ல சரக்கு, கெட விடலாமா? ஒரு படத்துல பிரசவ வார்டு டிராக்கு கேட்டாங்க. குமரகுரு சேலை கட்டிக்கிட்டு ஆயாவா வர்றான், நான் புருசன், வராண்டாவுல குறுக்க நெடுக்க நடக்கணும். அவன் கதவைத் தொறந்து வெளிய வந்து சொல்லணும். நான் எழுதிக் குடுத்தது, "அப்பன் என்ன வேலை பாக்கறான்னு கேட்டுச்சு." பிரமு சொன்ன மாதிரியே. டேக்கு போகுது, அந்தப் பாவி மாத்திட்டான். "எட்டிப் பாத்துச்சுடா. அப்பன் யாருன்னு கேட்டுச்சு. உன்னைக் காட்டுனேன். திரும்பிப் போயிடுச்சு"ங்கறான். எனக்கு என்னமோ ஆயிட்டு சார். மேற்கொண்டு பேச வேண்டியது மறந்துபோச்சு. வாய் தானா தொறந்துக்கிட்டு. கண்ணு எங்கயோ போகுது. அந்த நேரம் பாத்து விட்டான் அறை. டைரக்டரு கட் சொல்லக் கூட முடியாம சிரிக்காரு.

அதான் நீங்க பாக்கற மூஞ்சி. நடிப்பே இல்ல. ஒரு ரைட்டருக்குக் கோவம் வராதா, டயலாக்கை மாத்துனா? அந்தக் கோவம்தான் அது. வேற என்ன.

படம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. தீபாவளிக்கு டிவியில போட்டான். நாங்க கோவில்பட்டியில இருந்தோம், இப்ப பிரமு இருக்காளே அதே வீடு. என் கொழுந்தியா பேரு முப்பிடாதி, அவ வீடு. சொந்தபந்தம் பூரா கூடத்துல உக்காந்திருக்கு. அந்த சீனு வந்ததும் வீடே குலுங்குச்சு. என் சகலப்பாடி பாயில உருண்டாரு. முப்பிடாதி மட்டும் டிவியைப் பாக்காம அவ அக்காளையே பாத்துக்கிட்டு இருந்தா, அதுக்கு ரசனை கெடையாது. ஆனா பிரமு பாத்தா சார். கண்ணை எடுக்காம பாத்தா. நான் எழுதுனதுல அவ அப்படி ரசிச்சுப் பாத்தது அது ஒண்ணுதான். முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயி கொல்லையில கையைக் கழுவுனா. ரொம்ப நேரம் கழுவுனா. எண்ணெய்ப் பலகாரம் சுட்ட கை பாருங்க.

சென்னைக்குத் திரும்புனா தெரு பூரா அந்த டயலாக்குதான். பால் பூத்துல பிரமுவைப் பாத்ததும் பால்காரன், "யக்கா, எட்டிப் பாத்துச்சா யக்கா"ங்கறான். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எங்க வாசல்ல நின்னு சொல்லிட்டு ஓடுதுங்க. எனக்கு எவ்வளவு பெருமை. அவ ஒரு நாளும் எங்கிட்ட வந்து, "நல்லா எழுதியிருக்கிய"ன்னு சொன்னதில்ல. மத்தவன் எல்லாம் விட்டுத் தள்ளுங்க, பொண்டாட்டி சொல்லணுமா இல்லையா?

அதுலேருந்து அவளுக்குப் பேச்சு கொறைஞ்சுபோச்சு. "ம்." "சரி." "சாப்பிடுங்க." "மாத்திரை." இதுக்கு மேல எதுவும் கெடையாது, வருசக் கணக்கா. தைராய்டா இருக்கும்னு ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். என்னை வெளிய உக்கார வச்சுட்டாங்க. உள்ள ஒரே சிரிப்பு. டாக்டரம்மா சிரிக்குது, நர்ஸு சிரிக்குது. என்னடா இதுன்னு கதவைத் தொறந்தேன். கப்புனு நின்னுட்டு. டாக்டரம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "உங்க மிசஸுக்கு ஒரு கொறையும் இல்ல"ங்குது. பிரமு செருப்பை மாட்டிக்கிட்டு முன்னால நடந்து போயிட்டா. ஃபீஸ் வாங்கிக்கிட்டு என்ன வைத்தியம் பாக்குறாங்கன்னு தெரியல.

அப்புறம் எனக்கும் எழுத்து நின்னுபோச்சு. சரியா அந்த சமயத்துலதான் நின்னுச்சு, அதைச் சொல்லணும். குமரகுரு ஏதோ செய்வினை வச்சுட்டான்னு ஒருத்தரு சொன்னாரு. தாயத்துக் கூடக் கட்டிப் பாத்தேன். உக்காந்து உக்காந்து பாப்பேன், வீட்ல ஒரு சத்தம் இருக்காது, எழுதுறதுக்கு அப்படி ஒரு அமைதி. ஒண்ணும் வராது. லாட்ஜுக்கு வெறுங்கையோட போவேன். குமரகுரு படுத்தபடியே கெடப்பான். ஒரு நாள், "பெருமாளண்ணே, நீங்க அடி வாங்க மட்டும் வாங்க"ன்னுட்டான்.

இந்தப் பொங்கலுக்கு டிவியில அவன் பேட்டி. மாலையெல்லாம் போட்டு உக்கார வச்சிருக்காங்க. அந்தப் பிரசவ வார்டு லைனு எப்படி சார் வந்துச்சுன்னு ஒரு பொண்ணு கேக்குது. "ஸ்பாட்ல அப்படியே வந்துச்சும்மா, கடவுள் குடுக்கறது"ங்கறான். த்தூ. டிவி முன்னால நின்னு கத்துனேன். "அது என்னோடதுடா. நான் பெத்ததுடா. நான் பெத்ததை எடுத்துட்டுப் போயி ஊரெல்லாம் காட்டிச் சம்பாதிச்சியே, நீ வெளங்குவியா"ன்னு கத்துறேன். பிரமு அடுப்படி வாசல்ல வந்து நின்னா. ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். கரும்பை வெட்டிக்கிட்டு இருந்தவ, அதை அப்படியே வச்சுட்டு உள்ள போயி பையைக் கட்டுனா. "ஊருக்குப் போறேன்"னா. அவ்வளவுதான். ஒரு கலைஞனோட வேதனை இந்தப் பொம்பளைங்களுக்கு எங்க புரியுது.

அவ போனதோட விட்டிருப்பேன். இப்பப் பாத்து ஒரு வாய்ப்பு வந்திருக்கு. அஸ்வத்னு ஒரு சின்ன வயசு டைரக்டரு, தொடர் எடுக்கான், போன்லயே பாக்கற தொடரு. வயசான புருசன் பொண்டாட்டி வீட்டுக்குள்ள அடிச்சுக்கிடறதுதான் முழுக் கதை. "சார், அந்தப் பழைய டிராக்கெல்லாம் நீங்கதான் எழுதுனதுன்னு கேள்விப்பட்டேன். நீங்கதான் எழுதணும், உங்க முழுப் பேரையும் போடுறேன்"ங்கறான். முழுப் பேரு சார். சிவனணைஞ்சபெருமாள்னு. எங்கய்யா வச்ச பேரு. இந்த வயசுல ஒருத்தன் வந்து சொல்றான், நான் அழுதுட்டேன். ஆனா ஒரு வரி வர மாட்டேங்குது. அந்தப் பையன் தெனம் போன் போடுறான், நான் எடுக்கறதில்ல. இன்னும் ரெண்டு நாளு பாத்துட்டு அவன் வேற ஆளைப் பாத்துருவான். அதான் சொன்னேன், அவ வந்தாத்தான் என் பொழப்புன்னு. வந்து சும்மா வீட்ல நடமாடிக்கிட்டு இருந்தாப் போதும். நாலு வார்த்தை பேசுனா இன்னும் நல்லது.

சாத்தூரு தாண்டிருச்சா? இல்லையா, இன்னும் விருதுநகரே வரலையா. சரி.

சார், உங்ககிட்ட ஒரு உதவி. தப்பா நெனைக்காதீங்க. உங்க போன்லேருந்து அவளுக்கு ஒரு கால் போடுங்க. என் நம்பர்னா எடுக்க மாட்டா, தங்கச்சிகிட்டக் குடுத்துருவா. வேத்தாள்னா பேசுவா, நல்லாப் பேசுவா. பத்திரிகையிலேருந்து பேசுறேன், பழைய கலைஞர்களோட குடும்பத்தைப் பத்தி எழுதுறோம்னு சொல்லுங்க. சத்தமாப் போடுங்க, நான் கேக்கணும். நான் மூச்சு விட மாட்டேன். பொய்யின்னு யோசிக்கிறீங்களா? பொய்யில்ல சார், நடிப்பு. எப்படி இருக்கீங்கம்மான்னு கேளுங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மான்னு கேளுங்க. எப்ப சென்னைக்கு வருவீங்கன்னு கடைசியாக் கேளுங்க, மொதல்லயே கேட்டா சுதாரிச்சுக்கிடுவா. நம்பர் சொல்றேன், போடுங்க.

ரிங்கு போகுது. அந்தப் பச்சைச் சேலைக்காரம்மாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க. ஷ். எடுத்துட்டா.

வச்சுட்டாளா?

அவ குரலைக் கேட்டீங்களா சார்? எவ்வளவு நாளாச்சு தெரியுமா, இந்தக் குரலு கேட்டு. நீங்க "எப்படி இருக்கீங்கம்மா"ன்னதுக்கு என்ன சொன்னா பாத்தீங்களா? "நல்லாருக்கேன் தம்பி. சாயங்காலமானா தெருவுல பாதிப் பொம்பளைய இங்க வந்து உக்காந்துருதாளுவ, நான் பேசுததைக் கேக்க. டிக்கெட் போடுவமான்னு என் தங்கச்சி கேக்கா." அந்தக் காலத்துக் குரலு சார். தண்ணிக் கொழாயடிக் குரலு. இத்தனை வருசம் எங்க வச்சிருந்தா இதை? தெருப் பொம்பளைங்களுக்குத் தெனம் கெடைக்குது, எனக்குக் கெடைக்கல.

ஆனா எப்படிக் கண்டுபிடிச்சான்னுதான் புரியல. நான் மூச்சே விடலையே. "ரயிலு சத்தம் கேக்கு, மூக்கு விசிலடிக்கிறதும் கேக்கு, பக்கத்துலதான இருக்காரு"ங்கறா. நாப்பது வருசத்துல என் மூக்கு விசிலடிக்கும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீங்களாவது சமாளிச்சிருக்கலாம். நடிப்புன்னா அதான் கஷ்டம்.

அதை விடுங்க. அதுக்கப்புறம் சொன்னா பாருங்க ஒண்ணு. "கோவில்பட்டியில எறங்க வேண்டாம்னு சொல்லுங்க தம்பி. அவருக்கு நான் வேணும்னா வீட்டுக்குப் போயி டிவியப் போட்டுப் பாத்துக்கிடச் சொல்லுங்க. நான் பூராவும் அதுலதான கெடக்கேன்." அடடா. என்ன மாதிரி வந்து விழுது பாருங்க. "டிவியப் போட்டுப் பாத்துக்கிடச் சொல்லுங்க. பூராவும் அதுலதான கெடக்கேன்." எறங்க வேண்டாங்கறதெல்லாம் கோவத்துல சொல்றது, அதை எடுத்துக்கக் கூடாது. இதை அப்படியே மொத சீன்ல வைக்கலாம் சார். பொண்டாட்டி பையைத் தூக்கிக்கிட்டு வாசப்படி எறங்குறா, புருசன் சாய்வு நாற்காலியில உக்காந்திருக்கான், இவ திரும்பிப் பாத்துச் சொல்றா. தூக்கிரும். அஸ்வத்துக்கு இப்பவே போன் போடணும்.

நீங்க ஏன் சார் சிரிக்கல? பச்சைச் சேலைக்காரம்மா கூட அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு. நல்லா இல்லையா? எனக்குச் சிரிப்பா வருதே. இந்தா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு.

எங்க போறீங்க, உக்காருங்க. இன்னும் ஒரே ஒரு தடவை போடுங்க சார் அவளுக்கு. "மிச்சம் கொஞ்சந்தான் இருக்கு, அதை"ன்னு அவ கடைசியாச் சொல்லிக்கிட்டு இருக்கும்போது பாலம் வந்துட்டு, சத்தத்துல ஒண்ணும் விழல. அதை என்ன செய்யப் போறாளாம்? அதைக் கேட்டுச் சொல்லுங்க. அது இல்லாம சீனு முடியாது.